பகுதியில் ரூட் வரும் கணக்குகள்: ஒன்பது, பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

1/√2, 6/√3, 1/(√5 − √3) போன்ற பின்னங்களில் கீழே இருக்கும் ரூட்டை நீக்கி, பகுதியை, அதாவது பின்னத்தின் கீழ் எண்ணை, விகிதமுறு எண்ணாக மாற்றுவது ஒன்பதாம் வகுப்பு மெய்யெண்கள் பாடத்தில் வருகிறது. அங்கே சரியாகப் பிடிபடாவிட்டால் பத்தாம் வகுப்பு முக்கோணவியலில் மறுபடி இடிக்கும். தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறைப் பக்கம் பள்ளியில் நடத்தும் ஆசிரியர்கள், சாயங்காலம் டியூஷன் எடுக்கும் கல்லூரி மாணவர்கள், பிள்ளைகளின் பெற்றோர் என்று பலரும் கேட்கிற கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும் இங்கே.

1/√2 என்றே விட்டுவிட்டால் என்ன தப்பு? ஏன் √2/2 என்று மாற்றச் சொல்கிறார்கள்?

தப்பு எதுவும் இல்லை. இரண்டும் ஒரே எண். இதைப் பிள்ளைகளிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். "கீழே ரூட் இருக்கக் கூடாது, அது விதி" என்று மட்டும் சொன்னால், யாரோ போட்ட கட்டளையாக நினைத்துக்கொண்டு மனப்பாடம் செய்வார்கள். காரணம் தெரிந்தால் விதியே தேவைப்படாது.

காரணத்தைப் பலகையில் போட்டே காட்டலாம். 1 ÷ 1.41421 என்ற வகுத்தலைக் கையால் செய்யச் சொல்லுங்கள். அப்புறம் 1.41421 ÷ 2 செய்யச் சொல்லுங்கள். முதலாவது அரைப் பக்கத்தைத் தின்றுவிடும். இரண்டாவது மனக்கணக்கு: 0.707105. √2-வுக்கு இன்னும் இரண்டு இலக்கம் கூடுதலாகக் கொடுத்துவிட்டால், முதல் வகுத்தலை அடியிலிருந்து மறுபடி செய்ய வேண்டும். இரண்டாவதை விட்ட இடத்திலிருந்து தொடரலாம். கால்குலேட்டர் இல்லாத காலத்தில் இந்த மாற்றம் எவ்வளவு வேலையை மிச்சப்படுத்தியிருக்கும் என்பது புரிந்துவிடும். நம் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுக் கூடத்தில் இன்றைக்கும் கால்குலேட்டர் கிடையாது.

எனக்கு இதைவிடப் பிடித்த காரணம் ஒன்று உண்டு. 1/(√10 − 3) எவ்வளவு? √10 = 3.16 என்று வைத்துக்கொண்டு நேரடியாகப் போட்டால் 1/0.16, அதாவது 6.25. மேலும் கீழும் √10 + 3-ஆல் பெருக்கிப் பகுதியை மாற்றிவிட்டுப் போட்டால் (கீழே 10 − 9 = 1) √10 + 3, அதாவது 6.16. உண்மையான மதிப்பு 6.162. ஒரே தோராயத்தைத்தான் இரண்டு இடத்திலும் போட்டோம். ஆனால் கீழே இரண்டு நெருக்கமான எண்களைக் கழிக்கும்போது சின்னப் பிழையும் பெரிதாகிவிடுகிறது. இதை ஒரு தடவை தானே போட்டுப் பார்த்த பிள்ளை, "எதுக்கு சார் இதெல்லாம்?" என்று கேட்பதை நிறுத்திவிடும்.

பாடத்தை எங்கிருந்து ஆரம்பிக்க வேண்டும்?

பகுதியை மாற்றுவதிலிருந்து ஆரம்பிக்காதீர்கள். ஐந்து கேள்வியை வாயால் கேளுங்கள்: √3 × √3 எவ்வளவு, (2√5)² எவ்வளவு, √12 சுருக்கினால் என்ன, √2 × √6 என்ன, √75 என்ன. விடைகள் 3, 20, 2√3, 2√3, 5√3. இவற்றில் இரண்டு இடத்தில் தடுமாறும் பிள்ளைக்குப் பகுதியை மாற்றும் முறையை எத்தனை தடவை நடத்தினாலும் நிற்காது. "இந்தப் பாடம் வரலை" என்று நாம் சொல்லும் பிள்ளைகளில் பெரும்பாலானோருக்கு இதற்கு முந்தைய பாடம்தான் வரவில்லை என்பது என் உறுதியான எண்ணம். இரண்டு வகுப்பு பின்னால் போய் √48, √50, √72, √98 என்று சுருக்கிப் பழக விடுங்கள். அந்த இரண்டு வகுப்பும் வீணில்லை.

இன்னொன்றையும் அப்போதே பார்த்துவிடுங்கள். √(9 + 16) எவ்வளவு என்று கேளுங்கள். 3 + 4 = 7 என்று சொல்பவர் வகுப்பில் கட்டாயம் இருப்பார். √25 என்பது 5. பெருக்கலில் ரூட்டைப் பிரிக்கலாம், கூட்டலில் பிரிக்க முடியாது. இது இரண்டு உறுப்பு வரும் கணக்குகளில் நேராக வந்து மோதும்.

கீழே ஒரே ஒரு ரூட் இருந்தால் எப்படி நடத்துவது?

எழுதவிடாமல் நடத்துங்கள். பலகையில் 1/√7, 5/(2√3), 6/√12, √3/√8 என்று எழுதிவிட்டு, "எதால பெருக்கணும்?" என்று மட்டும் கேளுங்கள். விடை வேண்டாம். √7, √3, √3, √2 என்று பிள்ளைகள் சொல்லிக்கொண்டே போக வேண்டும். கணக்கின் உயிர் அந்த ஒரு முடிவில்தான் இருக்கிறது. மற்றதெல்லாம் பெருக்கல். பத்து நிமிடத்தில் முப்பது பின்னங்களுக்கு இப்படிக் கேட்டுவிடலாம். நோட்டில் முழுதாகப் போட வைத்தால் அந்த நேரத்தில் நான்குதான் முடியும்.

6/√12-க்கு யாராவது √12 என்று சொன்னால் திட்டாதீர்கள். 6√12/12 வரும், பிறகு √12/2, பிறகு √3. சரியான விடைதான், வழி கொஞ்சம் நீளம். √12-ஐ முதலிலேயே 2√3 ஆக்கியவருக்கு 3/√3, உடனே √3. இரண்டு பேரையும் பக்கத்தில் பக்கத்தில் பலகையில் போடச் சொல்லுங்கள். முதலில் சுருக்குவது ஏன் நல்லது என்று தனியாகச் சொல்ல வேண்டியிருக்காது.

மேலேயும் கீழேயும் ஒரே எண்ணால் பெருக்குகிறோம், அதாவது 1-ஆல் பெருக்குகிறோம் என்பதை ஒவ்வொரு முறையும் சொல்ல வையுங்கள். √3/√3 என்பது 1. அதனால்தான் மதிப்பு மாறவில்லை.

இரண்டு உறுப்பு வந்தால் குறியை மாற்றிப் பெருக்கச் சொல்கிறோம். பிள்ளைகள் ஏன் என்று கேட்டால்?

குறியை மாற்றாமல் பெருக்க விடுங்கள். 1/(√5 + √3) கணக்கில் மேலும் கீழும் (√5 + √3)-ஆல் பெருக்கினால் பகுதி 5 + 3 + 2√15, அதாவது 8 + 2√15. ரூட் போகவில்லை, இன்னும் பெரிதாகி நிற்கிறது. இந்தச் சங்கடத்தைப் பிள்ளை தன் நோட்டிலேயே பார்க்கட்டும். பிறகு (√5 − √3)-ஆல் பெருக்கச் சொல்லுங்கள். நடுவில் வரும் +√15, −√15 இரண்டும் அடித்துக்கொண்டு போய், 5 − 3 = 2 மட்டும் நிற்கும். விடை (√5 − √3)/2.

(அ + ஆ)(அ − ஆ) = அ² − ஆ² என்ற முற்றொருமையை எட்டாம் வகுப்பிலேயே படித்திருப்பார்கள். வர்க்கம் மட்டும் மிஞ்சும் சூத்திரம் அது. ரூட்டை ஒழிக்க வர்க்கம்தான் வேண்டும். நடு உறுப்புகள் எப்படி அடிபடுகின்றன என்பதை நான்கு பெருக்கலையும் தனித்தனியாக எழுத வைத்துக் காட்டுங்கள். குறைந்தது முதல் வாரத்துக்காவது குறுக்குவழி வேண்டாம்.

பிள்ளைகள் எந்த இடத்தில் அதிகம் தவறுகிறார்கள்?

விடைத்தாளில் திரும்பத் திரும்பக் கண்ணில் படுபவை இவை. 1/√2-ஐ வர்க்கப்படுத்தி 1/2 என்று எழுதுவது: இங்கே எண்ணே மாறிவிட்டது. கீழே மட்டும் பெருக்கிவிட்டு மேலே மறந்துவிடுவது. (2√3)² என்பதை 6 என்று எழுதுவது: 2-ஐயும் வர்க்கப்படுத்த வேண்டும், 4 × 3 = 12.

அடுத்தது கொஞ்சம் நுட்பமானது. (4 + 2√3)/2 என்று வந்ததும் ஒரு 2-ஐ மட்டும் அடித்து 2 + 2√3 என்று முடித்துவிடுகிறார்கள். மேலே உள்ள இரண்டு உறுப்பையும் வகுத்தால்தான் சரி: 2 + √3. கணக்கு முழுக்கச் சரியாக வந்து கடைசி வரியில் மதிப்பெண் போகும் இடம் இது. அதனால் இதற்கென்றே தனிப் பயிற்சி கொடுக்கலாம். (6 + 3√5)/3, (10 − 4√2)/2, (9 + 6√7)/3 என்று வெறும் அடித்தல் கணக்குகள்: விடைகள் 2 + √5, 5 − 2√2, 3 + 2√7.

பகுதி எதிர்க்குறியில் வரும்போதும் தடுமாற்றம் உண்டு. 1/(√2 − √5)-இல் பெருக்கினால் கீழே 2 − 5 = −3. அந்தக் கழித்தல் குறி எங்கேயோ காணாமல் போய்விடும். விடை −(√2 + √5)/3. குறியைப் பின்னத்துக்கு முன்னால் கொண்டுவந்து எழுதும் பழக்கத்தை ஆரம்பத்திலிருந்தே பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

தவறைச் சிவப்பு மையால் அடித்துத் திருப்பிக் கொடுப்பதைவிட, தவறான ஒரு விடையைப் பெயர் இல்லாமல் பலகையில் எழுதி, "எந்த வரியில வழி மாறுது?" என்று கேட்பது நல்ல பலன் தருகிறது. யாருடையது என்று யாருக்கும் தெரியாது. எல்லோரும் தேடுவார்கள்.

விடை சரியா என்று பிள்ளை தானே பார்த்துக்கொள்ள வழி உண்டா?

உண்டு. இந்தப் பாடத்தில் நான் மிகவும் வற்புறுத்துவது இதைத்தான். √2 = 1.414, √3 = 1.732, √5 = 2.236 மூன்றும் நாக்கு நுனியில் இருக்கட்டும். 7/(3 + √2) என்ற கணக்குக்கு 3 − √2 என்று விடை வந்ததா? கேள்வியின் மதிப்பு 7 ÷ 4.414, ஏறக்குறைய 1.586. விடையின் மதிப்பு 3 − 1.414, அதுவும் 1.586. ஒத்துப்போகிறது, முடிந்தது. ஒத்துப்போகவில்லை என்றால் ஆசிரியர் சொல்வதற்கு முன்பே பிள்ளைக்குத் தெரிந்துவிடும்.

முழு வகுத்தல்கூட வேண்டாம், குத்துமதிப்பு போதும். 1/(2 − √3)-இல் கீழே 0.27 போல இருக்கிறது, அப்படியானால் விடை 4-க்குப் பக்கத்தில் வர வேண்டும். 2 + √3 என்பது 3.732, பொருந்துகிறது. யாராவது 2 − √3 என்று எழுதியிருந்தால் அது 1-ஐவிடக் குறைவு, உடனே சந்தேகம் வந்துவிடும்.

நான் எட்டாவதோடு நின்றவள். என் மகளுக்கு வீட்டில் எப்படி உதவுவது?

கணக்கு உங்களுக்குத் தெரிய வேண்டியதில்லை அம்மா. அவள் போட்டு முடித்ததும் போனில் கால்குலேட்டரைத் திறங்கள். கேள்வி 6/√3, விடை 2√3 என்று எழுதியிருக்கிறாள் என்றால், √3-க்கு 1.732 என்று வைத்து 6 ÷ 1.732 அழுத்துங்கள்: 3.464. பிறகு 2 × 1.732 அழுத்துங்கள்: 3.464. ஒன்றாக இருந்தால் சரி. இல்லையென்றால், "எங்கேயோ தப்பு இருக்கு, பாரு" என்று மட்டும் சொல்லுங்கள். கண்டுபிடிப்பது அவள் வேலை.

இன்னொரு உதவியும் உங்களால் முடியும். ஒரு கணக்கை அவள் உங்களுக்கு வாய்விட்டுச் சொல்லட்டும்: எதால் பெருக்கினாள், ஏன் அதால் பெருக்கினாள் என்று. உங்களுக்குப் புரியாத இடத்தில் "ஏன்?" என்று கேளுங்கள். பதில் தடுமாறும் இடம்தான் அவள் மறுநாள் ஆசிரியரிடம் கேட்க வேண்டிய இடம். கணக்கு தெரிந்தவர்கள் பாதியிலேயே புகுந்து பதிலைச் சொல்லிவிடுகிறார்கள். நீங்கள் பொறுமையாகக் கேட்பீர்கள், அதுவே பெரிய உதவி.

எத்தனை கணக்கு கொடுக்கலாம்? எந்த வரிசையில்?

ஒரு நாளைக்கு எட்டுக்கு மேல் வேண்டாம். ஒரே மாதிரி இருபது கணக்கு போட்டால் பதினைந்தாவதில் கை மட்டும்தான் ஓடும். வரிசை இப்படி இருக்கலாம்: 5/√5 (விடை √5), 4/(3√2) (2√2/3), √3/√8 (√6/4), 1/(2 − √3) (2 + √3), (2 + √3)/(2 − √3) (7 + 4√3), (√5 + √3)/(√5 − √3) (4 + √15), 1/(2√3 + 3√2) ((3√2 − 2√3)/6). ஒவ்வொன்றிலும் முந்தையதைவிட ஒரே ஒரு புது விஷயம்தான் இருக்கிறது என்பதைக் கவனியுங்கள்.

ஒரு வாரம் கழித்து எல்லா வகையையும் கலந்து கொடுங்கள். நடுவே பகுதியை மாற்றத் தேவையே இல்லாத ஒன்றையும் போடுங்கள், √18/√2 மாதிரி. அது √9, அதாவது 3. யோசிக்காமல் √2-ஆல் பெருக்கத் தொடங்கும் பிள்ளைகளை அது நிறுத்தி வைக்கும்.

மழை விடுமுறையில் பாடம் விட்டுப்போகிறதே?

ஐப்பசி, கார்த்திகையில் டெல்டாவில் இது வருடா வருடம் நடப்பதுதான். அரையாண்டுத் தேர்வும் அந்த நெருக்கத்திலேயே வருகிறது. விடுமுறை அறிவிக்கும் நாளில் வாட்ஸ்அப்பில் முப்பது கணக்கு அனுப்பாதீர்கள். மூன்று அனுப்புங்கள், விடையோடு சேர்த்தே அனுப்புங்கள். விடை கையில் இருந்தால் வழியைத் தேடுவார்கள். மின்சாரம் இல்லாத வீட்டுப் பிள்ளைகளுக்கு முன்கூட்டியே ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிடுவது இன்னும் நல்லது.

நம் ஊரை வைத்துக் கணக்கு சொல்ல முடியுமா?

தாராளமாக. தஞ்சைப் பெரிய கோவில் விமானத்தின் உயரம் சுமார் 66 மீட்டர். உச்சியை 60° ஏற்றக்கோணத்தில் பார்க்கும் ஒருவர், உச்சிக்கு நேர் கீழே உள்ள புள்ளியிலிருந்து எவ்வளவு தூரத்தில் நிற்கிறார்? (கண்ணின் உயரத்தை விட்டுவிடுவோம்.) 66/√3. பகுதியை மாற்றினால் 22√3, அதாவது 22 × 1.732 = 38.1 மீட்டர். 66 ÷ 1.732 என்று கையால் வகுத்துப் பார்த்தவருக்கு வித்தியாசம் தெரியும். பத்தாம் வகுப்பு முக்கோணவியலில் இந்த √3 எத்தனை கணக்கில் கீழே வந்து உட்காருகிறது என்று எண்ணிப் பார்க்கச் சொல்லுங்கள்.

வயல் கணக்கு இன்னும் நெருக்கமானது. தஞ்சைப் பக்கம் 100 குழி ஒரு மா, 20 மா ஒரு வேலி. ஒரு கோல் நீளம், ஒரு கோல் அகலம் உள்ள சதுரம் ஒரு குழி. மூன்று மா நிலம் சதுரமாக இருந்தால் பரப்பு 300 குழி, ஒரு பக்கம் √300 = 10√3 கோல். அதில் ஒரு வரப்பை ஒட்டி முழு நீளத்துக்கும் 30 குழி நாற்றங்காலுக்கு ஒதுக்க வேண்டும் என்றால் அகலம் எவ்வளவு? 30/(10√3) = 3/√3 = √3 கோல், ஏறக்குறைய 1.73 கோல். மா, குழி என்று தாத்தா பேசக் கேட்ட பிள்ளைகள் இந்தக் கணக்கை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் போட்டுக் காட்டுவார்கள்.

வேகமாக முடித்துவிடும் பிள்ளைகளுக்கு என்ன கொடுப்பது?

1/(1 + √2) + 1/(√2 + √3) + 1/(√3 + √4) + … + 1/(√8 + √9) என்பதைக் கொடுங்கள். ஒவ்வொன்றிலும் பகுதியை மாற்றினால் √2 − 1, √3 − √2, √4 − √3 என்று வரும். கூட்டும்போது நடுவில் உள்ளவை எல்லாம் அடிபட்டு √9 − 1 = 2. அந்த 2 வந்து நிற்கும்போது பிள்ளையின் முகத்தைப் பாருங்கள்.

மூன்று உறுப்புக்கு 1/(1 + √2 + √3). முதலில் (1 + √2 − √3)-ஆல் பெருக்கினால் கீழே (1 + √2)² − 3 = 2√2. பிறகு √2-ஆல் பெருக்கினால் விடை (2 + √2 − √6)/4.

கனமூலத்தில் 1/∛2. ∛2-ஆல் பெருக்கினால் ∛4-தான் வரும், போதாது. ∛4-ஆல் பெருக்க வேண்டும்: ∛4/2.

ராமானுஜனை இந்தப் பாடத்தோடு சேர்க்க முடியுமா? கும்பகோணத்துப் பிள்ளைகள் கேட்கிறார்கள்.

அழகாகச் சேரும். கும்பகோணம் டவுன் உயர்நிலைப் பள்ளியில் படித்த ராமானுஜன், 1914-இல் வெளியிட்ட கட்டுரையில் பை-யின் தலைகீழ் மதிப்புக்கு 2√2/9801 என்று தொடங்கும் ஒரு தொடரைக் கொடுத்தார். அந்தத் தொடரின் முதல் உறுப்பு 1103. அதை மட்டும் எடுத்துக்கொண்டால் பை-யின் மதிப்பு ஏறக்குறைய 9801/(2206√2). ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை செய்யக்கூடிய வேலைதான் இனி பாக்கி: மேலும் கீழும் √2-ஆல் பெருக்கினால் 9801√2/4412. இதன் மதிப்பு 3.14159273. பை-யின் மதிப்பு 3.14159265. ஒரே உறுப்பில் ஆறு தசம இடம் சரியாக வந்துவிடுகிறது. 1985-இல் கணினியில் பை-யை 1 கோடியே 70 லட்சம் இலக்கங்களுக்கு மேல் கணக்கிட்டபோது பயன்பட்டது இதே தொடர்தான்.

டிசம்பர் 22, அவர் பிறந்த நாளை, தேசிய கணித தினமாகக் கொண்டாடுகிறோம். அன்றைக்குப் பேச்சுப்போட்டி இருக்கட்டும். கூடவே இந்த ஒரு கணக்கையும் பலகையில் போட வையுங்கள். √2-க்கு 1.414 போட்டால் 3.141-தான் கிடைக்கும், 1.414214 போட்டால் 3.14159 வரை கிடைக்கும். ஏன் என்று அவர்களே பேசிக்கொள்ளட்டும்.

போனில் படம் எடுத்தால் விடை வந்துவிடுகிறது. தடுக்க வேண்டுமா?

தடுக்க முடியாது. போட்டு முடித்தபின் ஒப்பிடப் பயன்படுத்தச் சொல்லுங்கள். ஆனால் நோட்டில் பின்னத்துக்குப் பக்கத்தில் "எதால் பெருக்கினேன், ஏன்" என்று ஒரு வரி எழுத வேண்டும் என்று கேளுங்கள். படம் பார்த்து எழுதியவரை அடுத்த நாள் அந்த "ஏன்" காட்டிக்கொடுத்துவிடும்.

பகுதியில் ரூட் இருந்தபடியே விடுவது எப்போதாவது நல்லதா?

நல்லதுதான், சில இடங்களில். சைன் 45°-க்கு 1/√2 என்றுதான் பாடப்புத்தக அட்டவணையில் இருக்கும். அடுத்த வரியில் அதை வர்க்கப்படுத்தப் போகிறோம் என்றால் மாற்றுவது வீண் வேலை, நேராக 1/2. விடையாக எழுதி முடிக்கும்போது மாற்றிக்கொள்ளலாம்.

பதினொன்றாம் வகுப்பில் எல்லை கணக்குகளுக்குப் போனால் இது தலைகீழாகிவிடும். (√(4 + அ) − 2)/அ என்ற பின்னத்தில் அ பூச்சியத்தை நெருங்கினால் மேலேயும் பூச்சியம், கீழேயும் பூச்சியம். அங்கே ரூட்டை மேலேயிருந்து எடுக்க வேண்டும். மேலும் கீழும் √(4 + அ) + 2-ஆல் பெருக்கினால் மேலே 4 + அ − 4, அதாவது வெறும் அ. கீழே உள்ள அ-வோடு அது அடிபட்டு 1/(√(4 + அ) + 2) என்று நிற்கும். ரூட் கீழே போய்விட்டது, அதனால்தான் கணக்கு நகர்ந்தது. இப்போது அ-வைப் பூச்சியமாக்கினால் விடை 1/4.